பலர் பகிரும் கார்டை ரீசெட் செய்ய கெர்னலில் எப்படி வழி வைப்பது?

மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருக்கு எபெனில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை. அங்கே ஒரு சர்வரில் எஃப்.பி.ஜி.ஏ. கார்டு (உள் சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப் உள்ள கார்டு) ஒன்று இருக்கிறது. படங்களைச் சுருக்கும் வேலைக்கு இரண்டு குழுக்கள் அதை ஒரே நேரத்தில் பயன்படுத்துகின்றன. கார்டு அவ்வப்போது ஹேங் ஆகும் என்பதால், கார்டை இயக்கும் கெர்னல் டிரைவரில் (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) 'ரீசெட்' என்று ஓர் ஐஓ-கண்ட்ரோல் அழைப்பு, அதாவது புரோகிராம் டிரைவருக்குக் கட்டளையிடும் வழி, வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அதை அழைக்கலாம். போன வாரம் ஒரு குழு ரீசெட் கொடுத்திருக்கிறது. இன்னொரு குழுவின் புரோகிராம் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அது எழுதிய படங்களில் பாதி குப்பை. "ரீசெட்டைச் சுற்றி ஒரு மியூடெக்ஸ் போட்டால் போதாதா அண்ணா?" என்று கேட்கிறார்.

போதாது தம்பி. மியூடெக்ஸ் என்ன செய்யும்? கெர்னலுக்குள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ரெஜிஸ்டர்களை (கார்டின் கட்டுப்பாட்டு இடங்களை) தொடாமல் பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு நேர்ந்த கோளாறு அதற்கு வெளியே இருக்கிறது. ரீசெட்டுக்கு முன் இரண்டாவது குழு கார்டில் சில அமைப்புகளைச் செய்து வைத்திருந்தது. அவை இன்னும் அங்கேயே இருக்கின்றன என்று நம்பி அடுத்த வேலையை அனுப்பியது. அந்த நம்பிக்கை பொய்யாகிவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ரீசெட் அழைப்பை வடிவமைக்கும்போது, அழைப்பவரை விட அழைக்காதவரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

எனக்கு இது புரிந்தது ஒரு கோவில் அலுவலகத்தில். காவடித் திருவிழா வாரம். கோவில் கணினி லினக்ஸில் ஓடியது. பிரிண்டரும் ஸ்கேனரும் ஒன்றாக இருக்கும் மெஷின் ஒன்று யு.எஸ்.பி. வழியாக அதில் இணைந்திருந்தது. ஒருவர் காவடி எடுப்பவர்களுக்குச் சீட்டு அச்சடித்துக்கொண்டிருப்பார். அதே கணினியில் இன்னொருவர் விண்ணப்பங்களை ஸ்கேன் செய்வார். திடீர் திடீரென்று சீட்டு பாதியில் நின்றது. பெயரில் நான்கு எழுத்து, அப்புறம் வெள்ளைத் தாள். வரிசையில் நின்ற அம்மா ஒருவர் பாதிப் பெயரோடு இருந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருந்தார். கேபிளை மாற்றினோம், போர்ட்டை மாற்றினோம், மையைக் குறை சொன்னோம். இரண்டு நாள் கழித்துத்தான் கெர்னல் பதிவைத் திறந்து பார்த்தேன். சீட்டு நின்ற ஒவ்வொரு நிமிடத்திலும் யு.எஸ்.பி. சாதனம் ரீசெட் ஆனதாக ஒரு வரி இருந்தது. ஸ்கேன் புரோகிராம் திறக்கும்போதெல்லாம், எதற்கும் இருக்கட்டும் என்று, மெஷினை ஒருமுறை ரீசெட் செய்துகொண்டிருந்தது. ஸ்கேனரை மட்டும் ரீசெட் செய்வதாக அது நினைத்தது. யு.எஸ்.பி.யில் அப்படி ஒன்று கிடையாது. ஒரே சாதனத்தின் இரண்டு இன்டர்ஃபேஸ்கள் (செயல் பகுதிகள்) அவை; ரீசெட் என்றால் இரண்டுக்கும்தான்.

லினக்ஸின் யு.எஸ்.பி. பகுதி இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் நல்ல பாடம் கிடைக்கும். சாதனத்தை ரீசெட் செய்வதற்கு முன், அதன் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் உரிய டிரைவரிடம் 'ப்ரீ-ரீசெட்' என்ற அழைப்பு போகிறது. டிரைவர் தன் வேலையை நிறுத்திக்கொள்ளலாம். ரீசெட் முடிந்ததும் 'போஸ்ட்-ரீசெட்' அழைப்பு வரும். அப்போது விட்ட இடத்திலிருந்து மீட்டெடுக்கலாம். இந்த இரண்டும் இல்லாத டிரைவரை கெர்னல் சாதனத்திலிருந்து கழற்றிவிட்டு, ரீசெட்டுக்குப் பிறகு மறுபடி மாட்டுகிறது. இது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ரீசெட்டைத் தாங்கத் தெரியாதவர் ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்க அனுமதியில்லை. உங்கள் இரண்டாவது குழுவின் புரோகிராமை யாராவது கழற்றிவிட்டிருந்தால், படங்கள் குப்பையாகியிருக்காது; வேலை நின்றிருக்கும், அவ்வளவுதான்.

மொரீஷியஸில் வளர்ந்தவருக்கு முன்னறிவிப்பு, பின்னறிவிப்பு இரண்டையும் விளக்கவே தேவையில்லை. சைக்ளோன் வரும்போது கிளாஸ் 1, 2 என்று எச்சரிக்கை ஏறிக்கொண்டே போகும். நீங்கள் ஜன்னலுக்குப் பலகை அடித்துவிட்டீர்களா என்று யாரும் வந்து கேட்டுக் காத்திருப்பதில்லை. எச்சரிக்கைக்கு ஒரு நேரம் உண்டு. அதற்குள் தயாராக வேண்டும். காற்று ஓய்ந்த பிறகும், வெளியே வரலாம் என்று அறிவிப்பு வரும்வரை உள்ளேதான் இருக்க வேண்டும். உங்கள் அழைப்பிலும் இதே போல ஒரு கால வரம்பு வேண்டும். பயன்படுத்துபவர்களுக்கு அறிவிப்புக் கொடுங்கள், ஐந்நூறு மில்லி விநாடியோ ஒரு விநாடியோ காத்திருங்கள், அப்புறம் செய்துவிடுங்கள். எல்லோருடைய சம்மதமும் வந்தால்தான் ரீசெட் என்று வைத்தால், டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) நிறுத்தி வைத்த ஒரு புரோகிராம் கார்டையே முடக்கிவிடும். சம்மதம் கேட்பது பொருந்தும் இடங்களும் உண்டு. பல சர்வர்கள் ஒரே நெட்வொர்க் கார்டைப் பகிரும் மெல்லனாக்ஸ் கார்டுகளில், ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ரீசெட்டுக்கு மற்ற சர்வர்களின் டிரைவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். வேறொரு சர்வர் கேட்கும் ரீசெட்டை அனுமதிப்பதா என்பதற்குத் தனி அமைப்பே இருக்கிறது. அங்கே கேட்கப்படுவது கெர்னல் டிரைவர். பதில் சொல்லும் என்று நம்பலாம். யூசர் ஸ்பேஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும்) புரோகிராமிடம் அந்த அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது எல்லை. ரீசெட் எதுவரை போகும்? எனக்குத் தெரிந்தவரை அதிகமான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. கார்டுகள் கணினியோடு இணையும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில், எஃப்.எல்.ஆர். (ஃபங்ஷன் லெவல் ரீசெட்) என்பது ஒரு ஃபங்ஷனை, அதாவது தனிச் சாதனமாகத் தெரியும் ஒரு பகுதியை, மட்டும் தொடும். பஸ் ரீசெட், கார்டு இருக்கும் பஸ்ஸை மேலே இணைக்கும் பிரிட்ஜுக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றையும் தொடும். இரண்டு போர்ட் உள்ள கார்டில் ஒரு போர்ட்டுக்காகப் பஸ் ரீசெட் கொடுத்தால் மற்றதும் விழும். அதனால்தான் லினக்ஸில் ஒரு பி.சி.ஐ. சாதனத்தின் ரீசெட் ஃபைலில் 1 என்று எழுதினால், அதே பஸ்ஸில் வேறு சாதனம் இருக்கும்போது கெர்னல் பஸ் ரீசெட் வழியைத் தேர்ந்தெடுக்காது. கெர்னல் 5.15 முதல் எந்த வழிகள் உண்டு, எந்த வரிசையில் முயல வேண்டும் என்பதைப் பார்க்கவும் மாற்றவும் தனி ஃபைல் இருக்கிறது.

சரி, பஸ் ரீசெட் தேவைப்பட்டே ஆகும் என்றால்? சாதனத்தை யூசர் ஸ்பேஸ் புரோகிராமிடமே நேராக ஒப்படைக்கும் லினக்ஸ் பகுதியான வி.எஃப்.ஐ.ஓ. இதற்கு 2013இல் கொண்டுவந்த வழியை வரிவரியாகப் படித்துப் பாருங்கள் என்று எல்லா இளைஞர்களிடமும் சொல்வேன். அதில் இரண்டு அழைப்புகள் உண்டு. முதல் அழைப்பு எதையும் செய்யாது. இந்த ரீசெட் கொடுத்தால் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்று பட்டியல் மட்டும் தரும். ஒவ்வொரு சாதனத்தின் பஸ் எண்ணும், அது எந்த ஐ.ஓ.எம்.எம்.யு. (சாதனங்கள் எந்த மெமரியைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் வன்பொருள்) குழுவில் இருக்கிறது என்பதும் அதில் இருக்கும். இரண்டாவது அழைப்பில்தான் ரீசெட். அப்போது அந்தக் குழுக்கள் எல்லாவற்றுக்குமான ஃபைல் டிஸ்கிரிப்டர்களை (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண்களை) நீங்கள் கையில் வைத்துக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கெர்னல் மறுத்துவிடும். பாதிக்கப்படப்போகும் அத்தனையும் உன் பொறுப்பில்தான் இருக்கின்றன என்று நிரூபி, அப்புறம் தொடு என்று கேட்கிறது அது. இதில் ரூட்டா (முழு அதிகாரம் உள்ள நிர்வாகியா) இல்லையா என்ற கேள்வியே இல்லை. திறந்த ஃபைலே உரிமைச் சான்று.

நெட்வொர்க் பக்கத்தில், கார்டு அமைப்புகளை மாற்றும் கருவியான ஈத்டூலின் ரீசெட் இன்னொரு விதமாக அழகானது. 32 பிட் எண் ஒன்றை அனுப்புகிறோம். கீழே உள்ள 16 பிட்கள் இந்த இன்டர்ஃபேஸுக்கே உரிய பாகங்களுக்கு. மேலே உள்ள 16 பிட்கள் மற்ற இன்டர்ஃபேஸ்களோடு பகிரும் பாகங்களுக்கு. பகிர்ந்ததைத் தொடுகிறேன் என்று கேட்பவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிரைவர் எதை உண்மையிலேயே ரீசெட் செய்ததோ அந்தப் பிட்டை அழித்துத் திருப்பி அனுப்பும். கேட்காத பாகத்தை டிரைவர் ஒருபோதும் தொடக்கூடாது என்பது அங்கே எழுதி வைத்த விதி. டிஸ்குகளை இணைக்கும் ஸ்கஸியிலும் இதே அக்கறை தெரியும். சாதனம், டார்கெட், பஸ், ஹோஸ்ட் என்று படிப்படியாகப் பெரிதாகும் ரீசெட்கள் அங்கே உண்டு. சிறியது தோற்றால் பெரியதற்கு ஏறுவது வழக்கம். பயனர் கேட்கும்போது, ஏறாதே என்று சொல்ல ஒரு கொடி வைத்திருக்கிறார்கள். உங்கள் அழைப்பிலும் 'இந்த எல்லைக்கு மேல் போகாதே' என்று சொல்ல இடம் வையுங்கள். சத்தமில்லாமல் பெரிதாகும் ரீசெட்டுக்கு மன்னிப்பே கிடையாது.

சிப்புக்குள் ஒரே ரீசெட் கம்பியைப் பல பிளாக்குகள் பகிர்வது தனிக் கதை. அதற்குக் கெர்னலில் ரீசெட் கண்ட்ரோலர் அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. கம்பியைத் தனக்கு மட்டும் என்றும் வாங்கலாம், பகிர்ந்தும் வாங்கலாம். பகிர்ந்து வாங்கினால் எண்ணிக்கை வைத்துக்கொள்ளும். கடைசி ஆள் விடும்வரை கம்பி உண்மையில் ரீசெட் நிலைக்குப் போகாது. உங்கள் கார்டுக்கு இது வேண்டாம்.

இப்போது அழைக்காதவருக்கு எப்படிச் சொல்வது? எண் ஒன்று போதும். கார்டுக்கு ஒரு தலைமுறை எண் வையுங்கள். ஒவ்வொரு ரீசெட்டிலும் அது ஒன்று கூடும். ஒரு புரோகிராம் சாதனத்தைத் திறக்கும்போது அப்போதைய எண்ணை அந்த ஃபைலோடு குறித்துக்கொள்ளுங்கள். வேலை அனுப்பும்போதெல்லாம் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் பிழை. இந்தப் பிழை ஒரு முறை வந்து மறையக்கூடாது. புரோகிராம் மூடித் திறக்கும்வரை, அல்லது 'புரிந்தது, புதிதாகத் தொடங்குகிறேன்' என்று வேறோர் அழைப்பால் ஒப்புக்கொள்ளும்வரை வந்துகொண்டே இருக்க வேண்டும். ஸ்கஸி டிஸ்குகள் பல காலமாக இப்படி ஒன்றைச் செய்கின்றன. ரீசெட்டுக்குப் பிறகு, அந்த டிஸ்கைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் அடுத்த கட்டளைக்கும் 'யூனிட் அட்டென்ஷன்' என்ற பதில் வரும்: நடுவில் ஒரு ரீசெட் நடந்தது, கவனி. ஆனால் அது ஒருமுறை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். உங்கள் கார்டில் அமைப்புகளே அழிவதால், ஒருமுறை போதாது என்பது என் கருத்து.

கிராபிக்ஸ் பக்கத்தில் இதற்கு மேலும் ஒரு படி போயிருக்கிறார்கள். கிராபிக்ஸ் புரோகிராம்கள் பயன்படுத்தும் ஓப்பன்ஜி.எல்.லில் ரீசெட் நடந்ததா என்று கேட்டால், நடந்திருக்கும்போது மூன்று பதில்களில் ஒன்று வரும்: உன்னால்தான், உன்னால் இல்லை, தெரியவில்லை. இது பழி சொல்வதற்காக இல்லை. உன்னால்தான் என்றால் அதே வேலையை மறுபடி அனுப்பாதே, மறுபடி ஹேங் ஆகும். உன்னால் இல்லை என்றால் தைரியமாக அனுப்பு. உங்கள் குழுக்களுக்கு இது நிச்சயம் உதவும்.

தலைமுறை எண்ணால் இன்னொரு நன்மை உண்டு. பலர் இதைத் தவறவிடுகிறார்கள். கார்டு ஹேங் ஆனதும் இரண்டு புரோகிராம்களும் அதைக் கவனிக்கும். இரண்டுமே ரீசெட் கேட்கும். முதல் ரீசெட் முடிந்து, முதல் ஆள் புதிதாக வேலையைத் தொடங்கிய நொடியில் இரண்டாவது ரீசெட் வந்து விழும். அவர் மறுபடி ரீசெட் கேட்பார். இப்படியே போகும். ஆகவே ரீசெட் அழைப்போடு 'நான் பார்த்தபோது எண் 7' என்பதையும் வாங்குங்கள். இப்போது எண் 8 என்றால், ஏற்கெனவே ஆகிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உள்ளே நடக்க வேண்டிய வரிசையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் வரிசை பிசகினால் மெமரியே கெடும். முதலில் 'ரீசெட் நடக்கிறது' என்ற கொடியை ஏற்றுங்கள். புதிய வேலை இனி உள்ளே வராது. அடுத்து, வேலை முடிவதற்காகக் கெர்னலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் எல்லோரையும் பிழையோடு எழுப்புங்கள். இதற்குப் பிறகுதான் எழுதும் பூட்டை (வேறு யாரும் உள்ளே இல்லாதபோதுதான் கிடைக்கும்; வேலை அனுப்புபவர்கள் பலர் சேர்ந்து வைத்திருப்பது படிக்கும் பூட்டு) எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால், படிக்கும் பூட்டை வைத்துக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் காத்திருக்கும் வேலை ஹேங் ஆன கார்டில் முடியவே முடியாது. நீங்கள் அவருக்காகக் காத்திருப்பீர்கள். இந்த முட்டுச்சந்தில் நானே ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறேன்.

பூட்டு கிடைத்ததும், யூசர் ஸ்பேஸில் புரோகிராம்கள் நேராகத் தொடும்படி மேப் செய்து கொடுத்திருக்கும் ரெஜிஸ்டர்களைப் பிடுங்குங்கள். ஐஓ-கண்ட்ரோல் அழைப்புகளை மட்டும் தடுத்துவிட்டு, மேப்பை மறந்துவிடுபவர்கள் அதிகம். அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டால், தொடும் புரோகிராம் ஃபால்ட் வழியாக உங்களிடம் வரும். தலைமுறை பொருந்தாவிட்டால் சிக்பஸ் (புரோகிராமை நிறுத்தும் சிக்னல்) கொடுத்துவிடலாம். வி.எஃப்.ஐ.ஓ.வும் சாதனத்தின் மெமரி அணைந்திருக்கும்போது இப்படித்தான் பக்கங்களை நீக்கிவிடுகிறது.

பிறகு டி.எம்.ஏ., அதாவது கார்டு தானாகவே மெமரியில் எழுதுவதும் படிப்பதும். அதை அனுமதிக்கும் பஸ் மாஸ்டர் பிட்டை அணையுங்கள், பாதியில் இருக்கும் பரிமாற்றங்கள் முடியும்வரை பொறுங்கள், இன்டரப்டை (கார்டு கெர்னலைக் கூப்பிடும் சைகையை) நிறுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடிந்ததை உறுதி செய்யுங்கள். பயனர்களின் பஃபர்களை ரீசெட் முடியும்வரை விடுவிக்கவே கூடாது. விடுவித்த பக்கத்தைக் கெர்னல் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கும். கார்டு தன் பழைய வேலையை அங்கே எழுதிக்கொண்டிருக்கும். சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமில் மூன்று மணி நேரம் கழித்து வெடிக்கும் பிழை அது. எபெனில் உங்கள் படங்கள் கெட்டதற்கும் இதில் கொஞ்சம் பங்கு இருக்கலாம், ஐ.ஓ.எம்.எம்.யு. இயங்குகிறதா என்று பாருங்கள்.

இப்போது ரீசெட். எஃப்.எல்.ஆர். கொடுத்தபின் 100 மில்லி விநாடி தொடாமல் இருக்க வேண்டும் என்பது பி.சி.ஐ. விதி. அதன் பிறகும் சில சாதனங்கள் தயாராக நேரம் எடுக்கும். படிக்கும்போது எல்லாப் பிட்டும் 1 என்றே வந்தால் அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று பொருள். அதை உண்மையான மதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் வந்ததும் கான்ஃபிக் மதிப்புகளைத் திரும்ப எழுதி, ஃபர்ம்வேரை ஏற்றி, எண்ணைக் கூட்டி, கொடியை இறக்குங்கள். இந்தப் பாதை முழுவதிலும் புதிதாக மெமரி கேட்காதீர்கள். மெமரி தட்டுப்பாட்டில் கெர்னல் உங்கள் கார்டின் வேலை முடிவதற்காகவே காத்திருக்கக்கூடும். வேண்டியதை டிரைவர் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு திரும்பி வரவே இல்லையென்றால், செத்துவிட்டது என்று குறித்து எல்லோருக்கும் உடனே பிழை கொடுங்கள். முடிவில்லாமல் காத்திருக்க வைப்பதை விட அது மரியாதையானது.

அனுமதி பற்றி: தன் சொந்தக் கியூவை (வேலை வரிசையை) மட்டும் ரீசெட் செய்வது யாருக்கும் கிடைக்கட்டும், கார்டு அதை ஆதரித்தால். முழுக் கார்டு என்றால் தனி டிவைஸ் ஃபைல், நிர்வாகிக்கு மட்டும். யு.எஸ்.பி.யிலும் இப்படி ஒரு நல்ல விதி உண்டு: தன் உரிமைகளைக் கைவிட்ட புரோகிராம், வேறொருவர் பிடித்து வைத்திருக்கும் இன்டர்ஃபேஸ் ஒன்று இருந்தாலே சாதனத்தை ரீசெட் செய்ய முடியாது.

எழுதி முடித்ததும் முதலில் ஒரு டெஸ்ட் போடுங்கள். ஒரு புரோகிராம் தெரிந்த படங்களை அனுப்பி செக்சம் (தரவு மாறியதா என்று காட்டும் எண்) சரிபார்த்துக்கொண்டே இருக்கட்டும். இரண்டாவது 200 மில்லி விநாடிக்கு ஒருமுறை ரீசெட் கேட்கட்டும். மூன்றாவதை நினைத்த நேரத்தில் கில் மைனஸ் 9 கொடுத்துக் கொல்லுங்கள். ஓர் இரவு முழுக்க ஓடட்டும். முதல் புரோகிராமுக்கு ஆயிரம் பிழை வந்தாலும் பரவாயில்லை. பிழை வராமல் ஒரே ஒரு செக்சம் தவறினால், மேலே சொன்ன வரிசையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

அதற்கு முன் ஒன்று: பி.சி.ஐ. சாதனங்களைப் பட்டியலிடும் எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளையை விரிவாக ஓடவிட்டு, உங்கள் கார்டின் திறன் வரியில் எஃப்.எல்.ரீசெட்டுக்குப் பக்கத்தில் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்று பாருங்கள். எஃப்.பி.ஜி.ஏ. கார்டுகளில் கழித்தல் இருப்பது சகஜம். கழித்தல் என்றால் பெரும்பாலும் உங்களுக்குப் பஸ் ரீசெட்தான் மிஞ்சும். அந்தப் பிரிட்ஜுக்குக் கீழே வேறு என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள், எல்லைப் பகுதியை அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன்.